எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள், ஆனால் வருவதில்லை. ஏன்?

ஏரிக்கரைவாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்துக்கு மேற்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறேன். எங்கள் ஏரியின் உபரிநீர் வடியும் கால்வாயை ஒரு கட்டுமானத்துக்காகப் பாதியாகக் குறுக்கிவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் நான்கு தெருக்களில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. கடந்த மழையில் தரைத்தள வீடுகளில் ஃபிரிட்ஜ் முதல் பிள்ளைகளின் பாடப்புத்தகம் வரை எல்லாம் நாசம். எதிர்வீட்டுப் பெரியவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு பெரிய சாலை வரை நடந்தோம்.

இந்த விஷயத்தில் எங்கள் பகுதியில் இரண்டாவது கருத்து கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் யாராவது கால்வாயைப் பற்றி எழுதினால் போதும், இரவு வரை கோபம் ஓயாது. மனுவை நீட்டினால் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எல்லோருமாகப் போவோம் என்று நாள் குறித்தால், வாசலில் வந்து நிற்பது எப்போதும் வரும் அதே சில முகங்கள்தான்.

இவர்கள் சுயநலக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. வெள்ளத்தின்போது மாடி வீட்டுக்காரர்கள் தங்கள் சமையலறையைத் திறந்துவிட்டார்கள். முகம் தெரியாதவர்களுக்கும் சோறு போட்டார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளும் இரவு பகலாக இருந்தார்கள். அதே பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரும் விஷயத்தில் ஏன் கால் எழவில்லை?

ஆறுதலுக்காகக் கேட்கவில்லை. மனிதர்கள் ஒரு கூட்டுச் செயலில் எப்போது இறங்குகிறார்கள், எப்போது இறங்குவதில்லை என்பதை யாராவது முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருளியல் மாணவன்:

இதற்குப் பொருளியலில் பழைய விடை ஒன்று உண்டு. 1965-இல் மன்கர் ஓல்சன் என்ற அமெரிக்கர் எழுதியது. கால்வாய் சரியானால் உங்கள் தெருவில் எல்லோர் வீடும் தப்பும். மனுக் கொடுக்க வந்தவர் வீடு, வராதவர் வீடு என்று தண்ணீர் பிரித்துப் பார்க்காது. வந்தவருக்கோ அரை நாள் சம்பளம் போகும். ஆகவே மற்றவர்கள் போகட்டும், நாம் வீட்டிலிருப்போம் என்பதுதான் ஒவ்வொருவருக்கும் லாபம். எல்லோரும் அப்படிக் கணக்குப் போட்டால் யாரும் போக மாட்டார்கள். குழு பெரிதாகப் பெரிதாக இது மோசமாகும் என்றார் ஓல்சன். ஒருவர் வராவிட்டால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சிறிய குழுவாக இருக்க வேண்டும்; இல்லையென்றால், வந்தவருக்கு மட்டும் கிடைக்கிற ஏதாவது ஒரு பலன் இருக்க வேண்டும். அவர் சொன்ன வழிகள் இவை.

போடிமெட்டு:

மாணவர் தம்பி சொன்ன ஓல்சன் முக்கியமானவர்தான். ஆனால் அந்தக் கணக்கு மட்டுமே உண்மையென்றால் 2015 செப்டம்பரில் கேரளத்தின் மூணாறில் நடந்தது நடந்திருக்கவே கூடாது. ஏரிக்கரைவாசி தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் சித்தி அந்த மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். போடியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற நான், அவரால்தான் இந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அந்த ஆண்டு தோட்டத் தொழிலாளர்களுக்கு 10 சதவீத போனஸ் என்று அறிவிப்பு வந்தது. முந்தைய ஆண்டு கிடைத்தது அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தினக்கூலி 232 ரூபாய். நாளொன்றுக்கு 21 கிலோ பறித்தாக வேண்டும். அதற்கு மேல் பறித்தால்தான் கூடுதல் காசு. பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், அதிலும் பெரும்பாலோர் தலித் குடும்பத்தார், கூடையை இறக்கிவைத்துவிட்டு மூணாறு நகருக்கு இறங்கி வந்து கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அத்தனை ஆண்டுகளாகத் தங்கள் பெயரில் பேசிய தொழிற்சங்கத் தலைவர்களை அருகிலேயே விடவில்லை. தங்களைப் 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று அழைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள். கடைசியில் முதலமைச்சர் உம்மன் சாண்டி நேரடியாகத் தலையிட்டார். 8.33 சதவீதம் போனஸாகவும் மீதி கருணைத் தொகையாகவும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. பிறகு கூலி உயர்வுக்காக மறுபடியும் இறங்கினார்கள். 500 கேட்டார்கள், அக்டோபரில் 301-க்கு முடிவானது.

அவர்கள் யாரும் வசதியானவர்கள் இல்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. குடியிருக்கும் லைன் வீடும் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். ஓல்சன் கணக்குப்படி ஒவ்வொருத்திக்கும் வீட்டிலிருக்க நூறு காரணம் இருந்தது. இருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

கஷ்டம் அதிகமானதால் வந்தார்கள் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது போதாது. கஷ்டம் 2015-இல் பிறந்ததல்ல. என் சித்தி பறித்த காலத்தில் அதைவிட மோசம். அந்த ஆண்டு வந்தது ஓர் ஒப்பீடு: போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் பாதி. இரண்டாம் உலகப்போரின்போது சாமுவேல் ஸ்டூஃபர் குழுவினர் அமெரிக்க ராணுவத்தில் ஆய்வு செய்தபோது ஒன்றைக் கண்டார்கள். பதவி உயர்வு அரிதாகக் கிடைக்கிற ராணுவக் காவல் பிரிவில் அதைப் பற்றிய மனக்குறை குறைவு. பதவி உயர்வு தாராளமாகக் கிடைத்த விமானப் பிரிவில்தான் மனக்குறை அதிகம். பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காதபோதுதான் அது சுடுகிறது. பின்னால் 1966-இல் ரன்சிமன் என்ற பிரிட்டன் சமூகவியலாளர் இதை இரண்டாகப் பிரித்தார். 'எனக்கு மட்டும் குறைந்துவிட்டது' என்பது ஒன்று, 'எங்களுக்குக் குறைத்துவிட்டார்கள்' என்பது இன்னொன்று. தெருவில் இறக்குவது இரண்டாவதுதான். முதலாவது மனிதனை வேறு வேலை தேடவோ, ஊரை விட்டுப் போகவோ வைக்கும்.

அந்த 'எங்கள்' மூணாறில் புதிதாக உண்டாக்கப்பட்டதல்ல. ஒரே லைனில் குடியிருந்து, விடியும் முன் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே காட்டில் அடுத்தடுத்த வரிசையில் நின்று பறித்து, எடை போடும் இடத்தில் ஒன்றாகக் காத்திருந்தவர்கள். ஒருத்தி கிளம்பினால் அடுத்தவள் ஏன் வரவில்லை என்று மாலையில் கேட்க ஆள் இருந்தது. இன்னொன்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது: கொழுந்து காத்திருக்காது. உரிய நாளில் பறிக்காவிட்டால் முற்றிவிடும், தொழிற்சாலை நின்றுவிடும். நாம் நிறுத்தினால் அது உறைக்கும் என்ற நம்பிக்கை அனுபவத்திலிருந்து வந்தது. யாரும் மேடையில் ஏறிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2008-இல் வான் ஸோமரன், போஸ்ட்மெஸ், ஸ்பியர்ஸ் என்ற மூவர் இதைப் பற்றிய ஏராளமான பழைய ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாக அலசினார்கள். அநீதி நடந்தது என்ற உணர்வு, சேர்ந்து செய்தால் பலிக்கும் என்ற நம்பிக்கை, நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்ற பிணைப்பு, மூன்றும் தனித்தனியே ஆட்களை இறக்குகின்றன என்று கண்டார்கள். அதில் கடைசியாகச் சொன்ன பிணைப்பு மற்ற இரண்டையும் தூண்டிவிடுகிறது என்பதையும் காட்டினார்கள். உங்கள் தெருவில் அநீதி உணர்வுக்குக் குறைவே இல்லை. மற்ற இரண்டும் எந்த அளவுக்கு இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். மெரினாவுக்குப் போன பிள்ளைகள் கல்லூரி நண்பர்களோடு போனார்கள். கால்வாய்க்கு யாரோடு போவார்கள்?

உங்கள் கேள்விக்கு நேர் விடை என்றால், நெதர்லாந்தில் கிளாண்டர்மான்ஸ், ஊகமா என்ற இரு ஆய்வாளர்கள் செய்ததைத்தான் சொல்வேன். 1983 அக்டோபரில் அணு ஏவுகணைகளுக்கு எதிராக ஹேக் நகரில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள். அதற்கு முன்னும் பின்னும் இவ்விருவரும் ஓர் ஊரின் மக்களைப் பேட்டி கண்டார்கள். நூற்றுக்கு முக்கால்வாசிப் பேர் அந்த நோக்கத்தோடு ஒத்துப்போனார்கள். போய்ச் சேர்ந்தது நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேர். ஒத்துக்கொண்டவர்களில் சிலருக்கு அழைப்பே எட்டவில்லை. எட்டியவர்களில் பெரும்பாலோருக்குப் போகலாம் என்ற எண்ணம் எழவில்லை. எண்ணியவர்களிலும் பாதிக்கு மேல் அன்றைக்குப் போகவில்லை. நாட்டின் வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டங்களில் ஒன்றாகப் பேசப்படும் அந்தக் கூட்டத்துக்கே ஓர் ஊரிலிருந்து கிளம்பியது இவ்வளவுதான். உங்கள் வாசலில் நின்ற சில முகங்களைக் குறைவு என்று நினைக்காதீர்கள். உழைக்க வேண்டிய இடம் மனத்தை மாற்றுவதில் இல்லை. மனம் ஏற்கெனவே மாறியிருக்கிறது. அதற்கும் வாசற்படிக்கும் நடுவில்தான் வேலை இருக்கிறது.

ஏரிக்கரைவாசி:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. 'யாரோடு போவார்கள்' என்ற கேள்வியை இன்று முழுவதும் யோசித்தேன். ஓர் ஐயம். நிறையப் பேர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் மற்றவர்களும் வருவார்கள் அல்லவா? குழுவில் 'இதுவரை இத்தனை பேர் உறுதி' என்று தினமும் போடலாமா?

கணக்கு வாத்தியார்:

இந்தக் கேள்விக்கு 1978-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் ஒரு கணக்கே போட்டார். சதுக்கத்தில் நூறு பேர். முதல் ஆள் வேறு யாரும் இறங்காவிட்டாலும் கலவரத்தில் இறங்குவான். இரண்டாம் ஆளுக்கு ஒருவர் இறங்கினால் போதும். மூன்றாம் ஆளுக்கு இருவர். இப்படியே நூறாம் ஆளுக்கு 99 பேர் வேண்டும். முதல்வன் இறங்கினால் வரிசையாக நூறு பேரும் இறங்குவார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம்: ஒருவர் போதும் என்றவருக்குப் பதிலாக, இருவர் வேண்டும் என்பவரை வையுங்கள். முதல்வன் தனியாக நிற்பான், அவ்வளவுதான். இரண்டு கூட்டத்திலும் மக்களின் மனநிலை ஏறக்குறைய ஒன்று. விளைவு வானுக்கும் மண்ணுக்கும். வகுப்பில் இதைப் பலகையில் எழுதிக்காட்டும்போதெல்லாம் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1989-இல் இதைப் போன்ற ஒன்றை உலகம் பார்த்தது. புனித நிக்கோலாஸ் தேவாலயத்தில் திங்கள்கிழமைப் பிரார்த்தனை முடிந்து வெளியே வருகிறவர்கள் ஆட்சிக்கு எதிராக ஊர்வலம் போனார்கள். செப்டம்பரில் சிறு கூட்டம். அக்டோபர் 9 அன்று ஏறக்குறைய 70,000 பேர். சுடப்போகிறார்கள் என்ற வதந்தி நகரெங்கும் இருந்தும் வந்தார்கள், சுடப்படவில்லை. அடுத்த வாரம் லட்சத்தைத் தாண்டியது. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது. அதுவரை ஒவ்வொருவரும் தன்னைப் போல் ஆட்சியை வெறுப்பவர்கள் எத்தனை பேர் என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். திமூர் குரான் என்ற பொருளியலாளர் இதைத்தான் எழுதினார்: அடக்குமுறை நாட்டில் எல்லோரும் பொதுவெளியில் ஒன்றும் மனத்துக்குள் வேறொன்றும் வைத்திருப்பதால், புரட்சி வரும்வரை யாராலும் அதைக் கணிக்க முடிவதில்லை.

ஆகவே எண்ணிக்கையைக் காட்டுங்கள் என்பதே என் கருத்து.

நூலக மேசை:

வாத்தியார் ஐயா சொன்னது லைப்சிக்கில் சரி. அங்கே எண்ணிக்கை என்பது பாதுகாப்பு. தனியாகப் போனால் சிறை, 70,000 பேரோடு போனால் அநேகமாக வீடு திரும்பலாம். ஏரிக்கரைவாசியின் தெருவில் யாரும் சிறைக்கு அஞ்சவில்லை. அங்கே எண்ணிக்கை எதிர்த்திசையிலும் வேலை செய்யக்கூடும்.

ஹாங்காங்கில் ஜனநாயகம் கோரி நடந்த 2016 ஜூலை 1 பேரணிக்கு முன் கான்டோனி, டேவிட் யாங் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். சக மாணவர்களில் எவ்வளவு பேர் போவார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு மட்டும், போவதாகச் சொன்னவர்கள் உண்மையில் எவ்வளவு பேர் என்பதைத் தெரிவித்தார்கள். நினைத்ததைவிட அதிகம் பேர் போகிறார்கள் என்று அறிந்தவர்கள் போவது குறைந்தது. நினைத்ததைவிடக் குறைவு என்று அறிந்தவர்கள் போவது கூடியது. ஆள் போதும், நான் எதற்கு என்ற எண்ணம்தான். ஓல்சனின் கணக்கு இங்கே திரும்பி வருகிறது, மாணவர் தம்பி.

அதே ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டுப் பேரணியில் சிலருக்குச் சிறு தொகை கொடுத்துக் கூட்டத்தை எண்ணும் வேலைக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு பணம் இல்லாமலும் அவர்களில் சிலர் போனார்கள். யார் போனார்கள் என்று பார்த்தால், தங்கள் வகுப்புத் தோழர்களில் போதிய பேர் தங்களோடு அந்த வேலைக்குப் போயிருந்தவர்கள்தான். அங்கே உண்டான நட்பு அடுத்த முறையும் இழுத்துக்கொண்டு போனது. பெயர் தெரியாத ஓர் எண்ணும் பெயர் தெரிந்த ஒரு தோழனும் வெவ்வேறு விதமாக வேலை செய்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

போடிமெட்டு:

நூலக மேசை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இதே விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு.

1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய வடக்கிலிருந்து மாணவர்கள் போனார்கள். உயிருக்கே ஆபத்தான வேலை. தொடக்கத்திலேயே, ஜூன் 21 அன்று, ஷ்வெர்னர், குட்மேன், சேனி என்ற மூன்று இளைஞர்கள் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் பயிற்சியில் இருந்தபோதே அவர்களைக் காணவில்லை என்ற செய்தி வந்துவிட்டது. டக் மெக்கடம் என்ற சமூகவியலாளர் பல ஆண்டுகள் கழித்து அந்த விண்ணப்பப் படிவங்களைத் தேடிப் பிடித்தார். ஏற்கப்பட்டவர்களில் 700-க்கும் மேற்பட்டோர் போனார்கள். ஏறக்குறைய 240 பேர் கடைசி நேரத்தில் பின்வாங்கினார்கள். போனவர்களுக்கும் பின்வாங்கியவர்களுக்கும் கொள்கையில் வேறுபாடு உண்டா என்று பார்த்தார். இல்லை. இரு தரப்பும் ஒரே உறுதியோடு எழுதியிருந்தார்கள்.

அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் கோடைக்காலப் பணியைப் பற்றி யார் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், குறைந்தது பத்துப் பேரை எழுதுங்கள். அந்தப் பெயர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோதுதான் விடை கிடைத்தது. போனவர்கள், தங்களைப் போலவே போகவிருந்த நண்பர்களின் பெயர்களைக் கூடுதலாக எழுதியிருந்தார்கள். நெருங்கிய தோழி போகும்போது நான் மட்டும் பின்வாங்கினால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பது எந்தக் கொள்கை முழக்கத்தையும்விட வலுவாக நிற்கிறது. இதைச் சிறுமையாக நான் பார்க்கவில்லை. மனிதர்களுக்கு இடையிலுள்ள கடப்பாடு என்பது இதுதான். அறம் என்று நாம் பேசுவதன் பெரும்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

ஏரிக்கரைவாசி தம்பி, வாட்ஸ்அப்பில் போடும் அழைப்பு யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பெயர் சொல்லி அழைக்காதபோது வராமலிருப்பது யாருக்கும் தெரியாது. தானே வரப்போகிற ஒருவர், தனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேர் வீட்டுக்குப் போய், நான் போகிறேன், நீங்களும் வாருங்கள், ஒன்றாகப் போவோம் என்று கேட்க வேண்டும். எல்லோரையும் நீங்களே கேட்காதீர்கள். பாதிப் பேருக்கு உங்களைத் தெரியாது.

உங்கள் பகுதியில் ஏற்கெனவே வாரந்தோறும் கூடுகிறவர்கள் யார்? கால்வாய்க்காக அல்ல, வேறு எதற்காகவாவது.

ஏரிக்கரைவாசி:

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இரண்டு உண்டு அக்கா. ஒன்றின் உறுப்பினர்கள் பெரும்பாலோர் மூன்றாம் தெரு, தண்ணீர் முதலில் நுழையும் தெரு. செவ்வாய் மாலை சேமிப்புப் பணம் கட்டக் கூடுவார்கள். பள்ளிவாசல் குழு இருக்கிறது. வெள்ளத்தின்போது படகு ஏற்பாடு செய்தவர்கள் அவர்கள். பிறகு காலையில் ஏரிக்கரையில் நடக்கும் ஓய்வுபெற்றவர்கள். இவர்களில் ஒருவரிடம்கூடக் குழுவாக நான் பேசியதில்லை. பொதுவாகத்தான் செய்தி அனுப்பினேன்.

சுயஉதவிக் குழுவில் பலர் வீட்டுவேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள். வேலை நாளில் முற்பகல் முழுதும் வரச் சொன்னால் கூலி போகும். சனிக்கிழமை அலுவலகம் இல்லை.

போடிமெட்டு:

அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது நேரத்தைத்தான். நெதர்லாந்தில் போக எண்ணிய பிறகு விடுபட்டவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூன்றாம் தெருப் பெண்களும் அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். வட்டாட்சியரைப் பார்க்க ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டிரண்டு பேர் போனால் போதும். மற்றவர்கள் சேரும் நிகழ்ச்சியை ஞாயிறு காலை கால்வாய்க் கரையிலேயே வையுங்கள். குறுகிய இடத்தின் அகலத்தை எல்லோர் முன்னிலையிலும் நாடாவால் அளந்து, வருவாய்த்துறை வரைபடத்தில் உள்ள அகலத்தோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு பறிபோனது என்பதை அவரவர் கண்ணால் பார்ப்பார்கள். அந்த அளவு மனுவில் ஏறும்போது, நாங்கள் அளந்தது என்று அவர்களே சொல்வார்கள்.

செவ்வாய் மாலை அந்தப் பெண்களிடம் நீங்கள் போய்ப் பேசுவதைவிட, அவர்களில் யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அநேகமாகக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவராக இருப்பார்.

ஏரிக்கரைவாசி:

ஆம் அக்கா, கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் எதிர்வீட்டுப் பெரியவரின் மருமகள்தான். இன்று மாலையே போய்ப் பார்க்கிறேன். வரைபட நகலுக்கு விண்ணப்பிக்க எந்தப் புல எண்ணைக் குறிப்பிட வேண்டும், ஏரியுடையதா, கால்வாயுடையதா? வருவாய்த்துறை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்கு வாத்தியார்:

இரண்டையும் எழுதிக் கேளுங்கள். கால்வாய் பெரும்பாலும் தனிப் புல எண்ணில் நீர்வழிப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். கிராமப் புல வரைபடத்தோடு 'அ' பதிவேட்டின் நகலும் கேளுங்கள்; அந்த நிலம் என்ன வகை என்பது அதில் இருக்கும். ஞாயிறு அளக்கும்போது ஐம்பது மீட்டர் நாடா என்னிடம் உண்டு, குரோம்பேட்டையில் இருக்கிறேன், கொண்டுவருகிறேன்.